ஏழுமலைக்குத் தைத்த மூன்றாவது கில்ட்

என் ராசா ஏழுமலை,

அன்பாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் கோபம்தான் வருகிறது. நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. போன வாரம் உனக்குப் படையல் போட்டோம். காக்கா வந்து சோற்றைக் கொத்திவிட்டு, கறித்துண்டை விட்டுவிட்டுப் போனது. நீதான் வந்து தின்றாய் என்று என் வீட்டுக்காரர், உன் மாமா, சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டார். நீயாக இருந்தால் கறியை விட்டிருப்பாயா?

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். அவர்களுக்கு உன்னைத் தெரியாது, அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. வழக்கம்போல குறுக்கே பேசாமல் கேள்.

என் கூடப்பிறந்த தம்பி நீ, அம்மா செத்தபிறகு அமிர்தியிலிருந்து கணியம்பாடிக்கு என் வீட்டுக்கு வந்தவன். என் கல்யாணப் புடவை பழசாகும் முன்பே நீ வந்துவிட்டாய். நான் மிஷின் போட்டு ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிபாரமும் தைக்கிறவள். நீ வளர்ந்து குட்டி யானை வண்டி ஓட்டினாய். ஜவ்வாது மலைக்கு ஏறி சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு வருவாய். அன்றைக்கு வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது என்று சினேகிதன் பைக்கை வாங்கிக்கொண்டு மலைக்குப் போனாய். இறங்கும்போது வளைவில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. பைக் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், வலது கால் எலும்பு வெளியே.

ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதை நான் மறக்க மாட்டேன். முட்டிக்குக் கீழே இருந்து கணுக்கால் வரைக்கும் இரும்பு வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலிருந்தும் கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குள். எலும்பு கூடும்வரை மாசக்கணக்கில் அப்படியே இருக்கவேண்டும் என்றார்கள். கம்பி போகிற ஓட்டைகளைத் தினமும் சுத்தம் செய்யவேண்டும், சிவந்தாலோ சீழ் வந்தாலோ அன்றைக்கே வரவேண்டும் என்று டாக்டர் தமிழில், என் முகத்தைப் பார்த்தும் உன் முகத்தைப் பார்த்தும், தனித்தனியாகச் சொன்னார். நீ மண்டையை ஆட்டினாய்.

அந்தக் காலில் பேன்ட் எப்படி ஏறும்? லுங்கி கட்டினாய். இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருக்கிறவனுக்கு லுங்கி அவிழ்ந்தால் எந்தக் கையால் பிடிப்பது? பஸ் ஸ்டாண்டில் அதுதான் நடந்தது. நீ இரண்டு கோலையும் பிடித்துக்கொண்டு நின்றாய், லுங்கி கீழே கிடந்தது, ஒரு பெரியவர் ஓடிவந்து கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய்.

"இனிமே நான் வூட்ட வுட்டு எங்கியும் போவ மாட்டேன்க்கா" என்றாய்.

அதற்கு அப்புறம் போனைத் தேய்த்துக்கொண்டே கிடந்தாய். ஒருநாள் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாய்.

"அக்கா, இத பாரு."

"இன்னாடா அது, ஆம்பள பாவாட கட்டிகினு கீறான்?"

"பாவாட இல்லக்கா, கில்ட்டு. வெள்ளக்காரங்க ஊர்ல மலைல கீறவங்க போடறது. இத போட்டுகினே வெறவு வெட்றான் பாரு. இடுப்புல பெல்ட்டு, முட்டியோட நிக்குது. ரிங்குல மாட்டவே மாட்டாது."

"அவன் வெறவு வெட்றான். நம்ம ஊர்ல போட்டா உன்னை வெட்டுவாங்க."

"நீ தச்சுக் குடு. போட்டுகினு போறவன் நானு. உனக்கு இன்னா?"

எனக்கு என்ன தெரியும்? பாவாடை என்றால் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் யூனிபாரம். சுற்றிலும் மடிப்பு, இடது பக்கம் திறப்பு. மிச்சம் கிடந்த மெரூன் கட்டம்போட்ட துணியில் அதே கணக்கில் தைத்துக் கொடுத்தேன். நீ போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாய். எதிர்வீட்டு கஸ்தூரி தண்ணி பிடித்துக்கொண்டிருந்தவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

"இன்னாடி தேவகி, தம்பிய எத்தினாவதுல சேத்த? ரெட்ட ஜடை போட்டு வுட வேணாமா?"

நீ சிரித்தாய். அடிபட்டபிறகு நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்காக கஸ்தூரி வாயில் சர்க்கரை போட்டிருக்கலாம். ஆனால் முன்பக்க மடிப்பெல்லாம் உட்கார்ந்தால் விரிந்துகொண்டது. துணியும் மெல்லிசு, காற்று அடித்தால் மானம் போகும். அதைப் பிரித்து மிஷின் துடைக்க வைத்துக்கொண்டேன்.

இரண்டாவதை யோசித்துத் தைத்தேன். காக்கி ட்ரில் துணி, நாலு மீட்டர். நீ அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினாய், நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தேன். முன்னால் மடிப்பே கிடையாது, இரண்டு அடுக்குத் துணி தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று. மடிப்பெல்லாம் பின்னால் மட்டும். அந்த மடிப்பையும் இடுப்பிலிருந்து பிட்டம் வரைக்கும் தைத்து அமுக்கிவிட்டு, கீழே மட்டும் விட்டுவிடவேண்டும். அப்போதுதான் நின்றால் விறைப்பாக நிற்கும், பஸ் படி ஏறும்போது விரிந்து கொடுக்கும். கஞ்சி போட்டு, ஈரத்துணி விரித்து, மடிப்பு மடிப்பாக இஸ்திரி போட்டேன்.

அதிலும் கைப்பழக்கம் விடவில்லை. திறப்பை இடது பக்கமே வைத்துவிட்டேன். அதற்குள் நீ ஒற்றைக்கோலுக்கு வந்திருந்தாய், கோல் இடது கையில். நடக்கும்போதெல்லாம் துணியின் ஓரம் கோலில் போய் மாட்டியது. இடுப்புக்கு ஸ்கூல் பேக் கிளிப் போட்டிருந்தேன். அமிர்தி பஸ்ஸில் நீ உட்காரும்போது அது டப்பென்று தெறித்து முன்சீட்டு அம்மா மடியில் விழுந்ததாம். அந்த அம்மா அதை எடுத்து, பூ கொடுப்பதுபோல உன்னிடம் கொடுத்தாராம். அதை நீ சொல்லிச்சொல்லி உன் மாமாவுக்குப் புரையேறியது.

திறப்பை வலது பக்கம் மாற்றினேன். செருப்பு தைக்கிறவரிடம் தோல் வாரும் பக்கிளும் வாங்கித் தைத்தேன். போனுக்கு உள்பக்கம் ஒரு பாக்கெட். மலைக்காற்றுக்குத் தூக்காமல் இருக்க உள்ளே ஒரு கொக்கி. அப்புறம் நீ வீட்டில் எங்கே இருந்தாய்? ஓட்ட முடியாவிட்டாலும் வேறு டிரைவரோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டு மலைக்குப் போனாய். புளி எடை போடுகிற இடத்தில் மலைக்காரர்கள் கூட்டம் கூடி உன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள் என்று பெருமையாகச் சொன்னாய்.

"ரிங்கு கழட்டினாலும் இதான்க்கா போடுவேன். பேன்ட்டெல்லாம் வேஸ்ட்டு" என்றாய்.

இங்கேதான் என் கோபம் ஆரம்பிக்கிறது, கேள்.

கோடை மழை விட்ட சமயம். காக்கியைக் கொண்டுவந்து மிஷின்மேல் போட்டாய்.

"இன்னும் நாலு விரலு இறக்கிக் குடுக்கா."

"எதுக்கு? முட்டியோட நிக்கறதுதான அழகு?"

"பஸ்ல புள்ளைங்க ரிங்கையே பாக்குதுங்க. பயப்படுதுங்க."

நியாயமாகத்தான் இருந்தது. மிச்சத் துணியில் பட்டை வெட்டி அடியில் ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன். கொஞ்சநாள் கழித்து மறுபடி வந்தாய், இன்னும் இறக்கு என்று. இப்படியே போனால் என் உள்பாவாடை ஆகிவிடும்டா என்று கேலி செய்துகொண்டே இறக்கினேன். நீயும் சிரித்தாய். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது துணி.

கம்பி ஓட்டைகளை நீயே சுத்தம் செய்துகொள்வதாக அதற்கு முன்பே சொல்லிவிட்டாய். வளர்ந்த ஆம்பளை, கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறான் என்று விட்டேன். உன்னிடமிருந்து வேப்பிலை மஞ்சள் வாசனை வந்தது. ஆடிக்கு மாரியாத்தா நினைப்பாக இருக்கிறான் என்று நினைத்தேன்.

ஆடி வெள்ளிக்குப் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிடவேண்டும், அதற்குப் புதுசாக ஒன்று வேண்டும் என்றாய். துணியும் நீயே எடுத்தாய். கருநீலம், நல்ல கனம். மூன்றாவது கில்ட் அது. முன் இரண்டில் செய்த தப்பு ஒன்றுகூட அதில் கிடையாது. மடிப்பு ஒவ்வொன்றும் ஒரே அகலம். உள்தையல் வெளியே தெரியாது. நீளமும் நீ கேட்ட நீளம். என் கையால் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் தைத்ததில்லை. இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினேன்.

"போட்டுக் காட்டுடா" என்றேன்.

"நாளைக்கிக்கா. உடம்பு ஒரு மாரி கீது."

காலையில் காபி கொண்டுவந்தால் நீ நடுங்கிக்கொண்டிருக்கிறாய். கூப்பிட்டால் என்னை அம்மா என்கிறாய். காக்கியோடே தூங்கியிருந்தாய். போர்வையை இழுக்கும்போதுதான் அடி ஓரம் கையில் பட்டது. நான் ஒட்டுப்போட்ட அந்தப் பட்டை உள்பக்கமெல்லாம் காய்ந்து அட்டைபோல விறைத்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். நடு வளையத்துக்குக் கீழே கால் முழுக்கச் சிவந்து, பளபளவென்று வீங்கி, கம்பி ஓட்டை ஒவ்வொன்றிலும் சீழ். அதன்மேல் நீ அரைத்துப் பூசிய மஞ்சள் பத்து.

ஆட்டோவில் உன் தலை என் மடியில்.

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில பக்கத்து பெட்டுக்காரருக்கு கால எடுத்துட்டாங்கக்கா. தொடையோட. நீ பாத்தல்ல?"

பார்த்தேன். அவர் காலில் ரத்தமே ஓடவில்லை, அது வேறு கதை. உனக்கு அது தெரியாது, நீயும் யாரையும் கேட்கவில்லை. பஸ்ஸில் எந்தப் பிள்ளையும் பயப்படவில்லை. பயந்தது நீ. அதை மறைக்க என் கையாலேயே துணியை இறக்க வைத்தாய். என் மேல் குற்றம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஊரே வந்து சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ ஏமாற்றினாய். பெற்றவளுக்கு மேலாகப் பார்த்தவளை, முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏமாற்றினாய்.

ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். அவர்களும் எவ்வளவோ பார்த்தார்கள். மூன்றாம்நாள் உயிர் போய்விட்டது, உன்னைக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

கம்பியெல்லாம் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். கால் சின்னதாக, ஒல்லியாக, துணி சுற்றி இருந்தது. யாரோ உன் பேன்ட்டு எங்கே என்று கேட்டார்கள், இப்போது ஏறுமே என்று. நான் எழுந்துபோய் ஆணியிலிருந்து கருநீலத்தை எடுத்துவந்தேன். அக்கா வீட்டுக் கோடி நான்தானே போடவேண்டும்? இதுதான் என் கோடி என்றேன்.

அமிர்தியிலிருந்து வந்திருந்த பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு ஆத்திரம் அதிகமாயிற்று.

"தச்ச துணி போடக் கூடாதும்மா. அரணாக் கயித்தையே அறுத்துட்டுத்தான அனுப்பறோம்? கட்டும் தையலும் ஒடம்புல இருந்தா போற உசுரு எப்டி போவும்? கோடின்னா வெறும் புதுத்துணிதான். உன் வூட்டுக்காரர கடைக்கி அனுப்பு, ஒரு வேட்டி வாங்கியாரட்டும்."

"இது புதுசுதான் பெரிப்பா. அவன் ஒருவாட்டிகூட போடல."

"புதுசுதான். தையலு கீதே."

உன் மாமா கிளம்பிவிட்டார் வேட்டி வாங்க. நான் அவரை உட்காரச் சொன்னேன். பிளேடை எடுத்துக்கொண்டு உன் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

முதலில் தோல் வாரை அறுத்தேன். அப்புறம் பாக்கெட், கொக்கி, இடுப்புப் பட்டை. அப்புறம் மடிப்பு. நன்றாகத் தைத்தது என்று சொன்னேனே, அதன் பலனை அன்றைக்கு அனுபவித்தேன். தையல் நெருக்கமாக இருந்தது, நூல் லேசில் வரவில்லை. ஒப்பாரி வைத்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பறை அடிக்கிறவர்கள் வெளியே காத்திருந்தார்கள். நேரமாகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆகட்டும் என்றேன். கஸ்தூரி வந்து எதிரே உட்கார்ந்து துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ரெட்டை ஜடை என்று சிரித்தவள்தான். கடைசியில் பெரியப்பாவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, துணியில் ஒட்டியிருந்த நூலைப் பொறுக்க ஆரம்பித்தார்.

எல்லாத் தையலும் போனபிறகு அது வெறும் துணி ஆயிற்று. அகலம் குறைச்சல்தான், ஆனால் நாலு மீட்டர் நீளம். இரட்டையாக மடித்தபோது உன் கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் வந்தது. நானும் உன் மாமாவும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துப் போர்த்தினோம். தையல்தான் போனதே தவிர இஸ்திரி போட்ட தடம் போகவில்லை. உன் நெஞ்சின்மேல் மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருந்தது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, தூக்கலாம் என்று கையைக் காட்டினார். கல்யாணம் ஆகாதவன் என்று உன்னை எரிக்காமல் புதைத்தோம். அந்தக் கோடுகளோடுதான் மண்ணைத் தள்ளினார்கள்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியாதது எதுவும் இல்லையோ என்னவோ. இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாது.

உன் கில்ட்டைப் பார்த்தவர்கள் ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். போன மாசியில் மலையிலிருந்து ஒருவர் மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். புளி உலுக்க மரத்தில் ஏறி விழுந்தவர். உன்னைப்போலவே வலது கால், அதே வளையங்கள். உன் காக்கிதான் எனக்கு அளவுத் துணி, அதை விரித்துவைத்து அவர் இடுப்பை அளந்தேன். நீளம் பார்க்கும்போது அவர் என் கையைப் பார்த்துச் சொன்னார்.

"கொஞ்சம் எறக்கியே தச்சிடுங்கக்கா. பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க."

டேப்பைக் கீழே போட்டேன். வேட்டியைத் தூக்கு என்றேன். முன்பின் தெரியாத மனுஷனை, அவர் பெண்டாட்டி எதிரிலேயே. அவர் மாட்டேன் என்றார். தூக்கினால்தான் தைப்பேன் என்றேன். நான் கத்தியதில் கஸ்தூரி ஓடிவந்தாள். அந்தப் பெண்ணே குனிந்து வேட்டியை விலக்கினாள். கீழ் வளையத்தில் இரண்டு ஓட்டை சிவந்து, சீழ் கோத்திருந்தது. அவளுக்கும் அவர் சொல்லவில்லை. அவரும் உன்னை மாதிரிதான், காலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தார்.

மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து நானே அழைத்துக்கொண்டு போனேன். அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. உள்ளே போனவர் என்ன ஆனார் என்று கேட்கிறாயா?

ஊசி போட்டார்களடா. படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள், ஒரு கம்பியை மாற்றினார்கள். வாரம் போனதும் அதே காலோடு பஸ் ஏறி என் வீட்டு வாசலில் வந்து நின்று, தச்சிட்டீங்களாக்கா என்று கேட்டார். அவ்வளவுதான் ஏழுமலை. நீ அவ்வளவு மறைத்தது, அவ்வளவு சிரித்தது, எல்லாம் ஊசி போட்டால் தீருகிற விஷயத்துக்கு. அவரை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, உன் காக்கியை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். உன்னைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அந்தக் காக்கியில் நான் இறக்கிக் கொடுத்த பட்டை இரண்டையும் அன்றைக்கே பிரித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இப்போது அது பழையபடி முட்டியோடு நிற்கிறது. இனிமேல் வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் அளவு. திறப்பை எந்தப் பக்கம் கேட்டாலும் வைத்துக் கொடுப்பேன். எந்தக் கலர் கேட்டாலும் தைப்பேன். யார் வந்து காலில் விழுந்தாலும் முட்டிக்குக் கீழே ஒரு விரல்கூட இறக்க மாட்டேன். கம்பியும் காயமும் பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியட்டும். புள்ளைகள் பயந்தால் பயப்படட்டும். இது நான் உன் மண்மேல் கைவைத்துச் சொல்கிற வார்த்தை.

உன் கோடியின் தையலைப் பிரித்தவள்,
உன் அக்கா தேவகி